பத்திரத்தில் ஏறாத வில்லங்கம்

கிராமத்தில் ஒரு வீட்டை விலைக்கு வாங்க நினைப்பவர் முதலில் ஓடுவது சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றையும் வக்கீலிடம் கொடுத்து வரி விடாமல் படிக்கச் சொல்கிறார். வாசல் எந்தத் திசை, மனையடி எத்தனை அடி என்று வாஸ்துக்காரரிடமும் கேட்டுவிடுகிறார். வீட்டுக்கு மட்டும் அரை மணி நேரம்தான். அதுவும் நல்ல வெயிலில், புதுச் சுண்ணாம்பு மணக்கிற சுவர்களுக்கு நடுவே, விற்பவர் கொடுத்த காப்பியைக் குடித்தபடி. இந்த ஏற்பாடு தலைகீழானது. காகிதத்தைப் படிக்கிற அதே பொறுமையோடு கட்டடத்தையும் படிக்கலாம். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே போனால் போதும்: இந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது? உத்திரமேரூர் போன்ற ஏரிப் பாசனப் பகுதியில் வீடுகளுக்கு வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் வீட்டுப் பரிசோதனை தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1976-இலேயே பரிசோதகர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே வாங்குபவர் கட்டணம் கொடுத்து, கூரையிலிருந்து சாக்கடை வரை எழுத்தில் அறிக்கை வாங்கிய பிறகே கையெழுத்திடுவது பெருவழக்கு. நம் நாட்டில் பெருநகரங்களில் அப்படிச் சில நிறுவனங்கள் வந்திருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்தில் கிடைப்பவர் தெரிந்த கொத்தனாரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும்தான். மதிப்பீட்டாளரின் வேலை கடனுக்கு ஈடாகச் சொத்து பெறுமா என்று பார்ப்பது, விரிசலுக்குக் காரணம் தேடுவதல்ல. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பைக் கட்டுநர் மேல் சுமத்துகிறது. ஆனால் ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது அந்தச் சட்டம் உதவிக்கு வராது. மிஞ்சுவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 55-ஆவது பிரிவு. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: சாதாரண கவனத்தோடு பார்த்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை அதில் சேராது. பார்க்கத் தவறியது பார்க்காதவர் பாடு.

சாதாரண கவனம் என்பது வீட்டுக்குள் நுழையும் முன்பே தொடங்க வேண்டியது. உத்திரமேரூர் என்றதும் 919, 921 ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகளையும் குடவோலையையும் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கல்வெட்டு வாரியத்துக்கு நிற்பவரிடம் என்ன எதிர்பார்த்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பும் அவருக்கு இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். பல்லவர் காலக் கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் என்று குறிப்பிடும் ஏரியை நம்பி அமைந்த ஊர் இது. ஏரி உள்ள ஊரில் நிலத்துக்கு ஒரு படிநிலை உண்டு. மேலே நீர்ப்பிடிப்பும் வரத்துக் கால்வாயும், நடுவில் கரையும் மதகும், கீழே ஆயக்கட்டு நஞ்சை, ஓரத்தில் மிகுநீர் வழியும் கலங்கல். பழைய குடியிருப்பு எதுவும் கலங்கலுக்கு நேர் கீழே அமைந்திருக்காது; நத்தம் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். புதிய மனைப்பிரிவுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மழை பொய்த்த சில ஆண்டுகளில் கலங்கல் வாய்க்கால் வெறும் பள்ளமாகக் கிடக்கும், அதைத் தூர்த்து மனை போட்டுவிடுவார்கள். 2015 நவம்பர், டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் நிரம்பி வழிந்தபோது தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடிப் போனது. எனவே வீட்டைப் பார்ப்பதற்கு முன் ஏரிக்கரையில் ஒரு முறை நடந்து கலங்கல் எங்கே, அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இடம் நீர்நிலைப் புறம்போக்காக இருந்துவிட்டால் பிறகு பேச்சே இல்லை. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

அடுத்தது மண். மண்ணைத் தோண்டிப் பார்க்க விற்பவர் விடமாட்டார், ஆனால் வருவாய்த் துறை ஏற்கெனவே பார்த்து எழுதி வைத்திருக்கிறது. உரிமையாளர் பெயரைச் சரிபார்க்க மட்டும் நாம் எடுக்கிற ‘அ’ பதிவேட்டில் நிலம் நன்செயா புன்செயா, பாசன ஆதாரம் எது, மண் வயனமும் ரகமும் என்ன என்பதற்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. பழைய அடங்கலில் அங்கே எந்தப் பயிர் விளைந்தது என்பதும் இருக்கும். பல ஆண்டு நெல் விளைந்த ஏரிப் பாசன நஞ்சை என்றால் களிமண்ணை எதிர்பார்க்கலாம். சில வகைக் களிமண் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். வயலில் சித்திரை மாதத்தில் காணும் வெடிப்பு அதன் அடையாளம். அதன் மேல் ஆழமில்லாத கடைக்கால் போட்ட வீடு ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்கும். கரிசல் மண்ணில் இந்த ஈர மாற்றம் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை போகும் என்பதால்தான், அடியில் குமிழ்போல் அகன்ற குத்துக்கால் அடித்தளத்தை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. மேடாக்குவதற்காகக் கொட்டிய சவுடு மண் இன்னொரு தொல்லை. சரியாகத் தண்ணீர் விட்டு இடிக்காத நிரப்பு மண் பல ஆண்டுகளுக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும்.

மண்ணின் இந்த அசைவு சுவரில் விரிசலாகத் தெரியும். எல்லா விரிசலும் ஒன்றல்ல. பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழை விரிசல் சிமென்ட் பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தது, அதற்குக் கவலைப்பட வேண்டாம். மாடியில் கான்கிரீட் தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. மழைநீர் உள்ளே இறங்காமல் அடைத்தால் போதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவதும், செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிக்கட்டுபோல் ஏறுவதும்தான் கடைக்காலின் கதையைச் சொல்பவை. ஒரு முனை குறுகி மறு முனை அகன்றிருந்தால் சுவரின் ஒரு பகுதி இறங்குகிறது அல்லது தூக்கப்படுகிறது என்று பொருள். 5 மில்லிமீட்டரைத் தாண்டிய பிளவைப் பொறியாளர் பார்க்காமல் அந்த வீட்டுக்கு விலை பேசக் கூடாது. அகலத்தைவிட முக்கியமானது, விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. இதற்கு எளிய சோதனை உண்டு. விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் சிமென்ட் வைத்து ஒட்டினால், சுவர் நகரும்போது கண்ணாடி உடையும். சில மாதம் பொறுக்க முடியாதவர் ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடலாம். ஒரே இடத்தில் பட்டி பார்த்து, மறுபடி பிளந்து, மறுபடி பட்டி பார்த்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. கதவுகள் தரையில் உரசுகின்றனவா, நிலை சாய்ந்திருக்கிறதா என்பதும் அதே சாட்சியம்.

தண்ணீர் கீழிருந்து மேலேயும் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. இதைத்தான் ஓதம் என்கிறோம். ஈரம் தன்னோடு உப்பையும் தூக்கி வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாக, உப்பு வெள்ளையாகப் பூத்துப் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பியிருப்பதும், தட்டினால் பொலபொலவென்று உதிர்வதும் இதனால்தான். கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தடுப்பு அடுக்கு போடாததே முதல் காரணம். செங்கல்லின் தரம் அடுத்தது. இந்திய தர விதிப்படி சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் ஊறினாலும் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது. அரைவேக்காட்டுச் சூளைக்கல் அதைத் தாண்டிவிடும். வீட்டுப் பின்புறம் பூசாத சுவரோ மீந்துபோன கல்லோ இருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் கல் வேகவில்லை. விற்பனைக்கு வந்த வீட்டில் கீழ்ப் பாதிக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் அழகுக்காக என்று நம்பிவிட வேண்டாம். டைல்ஸ் ஓதத்தை நிறுத்துவதில்லை, இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிடும்.

கான்கிரீட் தளத்தில் இதே நீர் வேறு வகையில் வேலை செய்கிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை (pH) 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல உள்ளே போய்க் காரத்தைக் குறைக்கிறது. காரம் குறைந்த பகுதி கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் அடிப்பக்கக் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. தளத்தில் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மி.மீ. கனம் விட வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐ.எஸ். 456. பல வீடுகளில் கம்பி பலகைமேலேயே கிடந்து வார்க்கப்பட்டிருக்கும். கம்பி ஓடும் திசையிலேயே கூரையின் அடியில் நேர்கோடாக விரிசல் விழுந்தாலோ பழுப்புக் கறை தெரிந்தாலோ துரு தொடங்கிவிட்டது. இதைச் சோதிக்கப் பள்ளி வேதியியல் கூடத்து பினால்ப்தலீன் போதும். புதிதாகக் கொத்திய இடத்தில் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. உவர்க் கிணற்று நீரில் வார்த்த தளமானால் இவ்வளவு காலம்கூடத் தாங்காது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே வீட்டுக் கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்ப்பது குடிநீருக்கான சோதனை மட்டுமல்ல. கரித்தால், எந்தத் தண்ணீரில் வீடு கட்டினார்கள் என்று கேளுங்கள்.

ஓட்டு வீடுகளில் பார்க்க வேண்டியது கூரை மரம். பனைவாரை சுவர்மேல் உட்காரும் முனையில்தான் ஈரமும் கரையானும் முதலில் கைவைக்கும். அங்கே கட்டையால் தட்டினால் பொக்கென்று ஒலிக்கிறதா, கரையான் மண்தடம் ஓடுகிறதா என்று பாருங்கள். மின் இணைப்பு, கழிவுநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு ஆள் வைத்துப் பார்த்துவிடலாம், அவை மாற்றக்கூடியவை.

இவ்வளவு எதற்கு, நிலத்துக்குத்தானே விலை, வீட்டை இடித்துக் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இடிப்பதுதான் முடிவென்றால் இந்தச் சோதனை பாதி தேவையில்லை, உண்மை. ஆனால் அப்போது வீட்டுக்கு விலை கொடுக்கவும் தேவையில்லை, அதைப் பேரத்தில் சொல்லிவிட வேண்டும். மேலும் கலங்கல் வழியும் களிமண்ணும் இடித்தாலும் போகாதவை. அறுபது வருடம் நின்ற வீடு இனியும் நிற்கும் என்பது இன்னொரு வாதம். அது நின்றது ஆண்டுதோறும் பராமரித்ததால். மண்சாந்தும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்த நாளிலிருந்து ஈரம் உள்ளேயே தங்குகிறது. பழைய வீட்டை வாங்குவதாக நினைப்பவர் உண்மையில் வாங்குவது அந்தச் சமீபத்திய பூச்சைத்தான். கொத்தனார் பார்த்தால் போதாதா என்றால், நல்ல கொத்தனாரின் கண் பல பொறியாளர்களைவிடக் கூர்மையானது. ஆனால் பழுதுபார்க்கும் வேலை தனக்கே வரும் என்று எதிர்பார்ப்பவர் குறையைப் பெரிதாக்கவும், விற்பவருக்கு வேண்டியவர் மறைக்கவும் இடமுண்டு. அந்த வேலையை எடுக்காதவராகப் பார்த்துக் கூலி கொடுத்து அழைப்பது நல்லது. விற்பவர் மனம் கோணுமே என்ற தயக்கம் மட்டும் எனக்குப் புரிவதில்லை. தாய்ப் பத்திரத்தைக் கேட்கும்போது கோணாத மனம் தளத்தைத் தட்டிப் பார்க்கும்போது ஏன் கோண வேண்டும்?

எப்போது பார்ப்பது என்பதில்தான் நம் வழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒவ்வொரு வீட்டின் குறையையும் சுவரில் எழுதிக் காட்டுகிறது. மார்கழியில் யாரும் வீடு பார்க்கக் கிளம்புவதில்லை. அதற்குள் போகிக்கு முன் வெள்ளையடித்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். தை பிறந்து நாம் போய் நிற்கும்போது வீடு பளிச்சென்று இருக்கிறது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது, பொங்கலுக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆகையால் தையில் பிடித்துப்போன வீட்டுக்கு உடனே முழுப் பணம் கட்ட வேண்டாம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்திலேயே, கூரை ஒழுகல், ஓதம், கடைக்கால் விரிசல், 2015-இல் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததா என்ற நான்கையும் கேள்வியாக எழுதி விற்பவரிடம் பதிலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். காலம் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலையில், சொல்லாமல் ஒரு முறை போய் வீட்டைச் சுற்றிவிட்டு வாருங்கள்.