0.3 அங்குலத்தின் விலை

1978-இல் ஆப்பிள் நிறுவனம் டிஸ்க் II என்ற பிளாப்பி டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை இயக்கும் கார்டில் இருந்தவை எட்டே சிப்கள். வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் போர்டையும் தானே வரைந்தார். இணைப்புகளைக் கொஞ்சம் மாற்றினால் போர்டைத் துளைக்கும் சில ஓட்டைகள் குறையும் என்று தோன்றியதும், வரைந்ததை ஒதுக்கிவிட்டு மறுபடி வரைந்தார். அதில் பெரும் பணம் மிச்சமாகியிருக்காது. ஆனால் சர்க்யூட்டை யோசித்தவரே போர்டையும் வரைந்ததால்தான் அது நடந்தது. இன்று ஆப்பிள் இருக்கும் அதே கலிபோர்னிய விரிகுடாப் பகுதியில் பெரும்பாலும் அந்த இரண்டு வேலைக்கும் இரண்டு பேர். தொழிற்சாலையிடம் விலை கேட்பவர் மூன்றாமவர். கொட்டேஷன் கைக்கு வரும்போது மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

தொழிற்சாலை போர்டுகளைத் தனித்தனியாகச் செய்வதில்லை; ஒரே பேனலில் பலவற்றைச் சேர்த்துச் செய்கிறது. அமெரிக்காவில் வழக்கமான பேனல் 18-க்கு 24 அங்குலம். சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டால் மிஞ்சுவது 16-க்கு 22. போர்டுகளுக்கு நடுவே 0.1 அங்குலம் விட்டு 5.2 அங்குலச் சதுர போர்டை அடுக்கினால் 12 பிடிக்கும். இன்னொரு கனெக்டருக்காக ஒரு பக்கத்தை 5.5 ஆக்கி, எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கினால் 9 தான். பரப்பு கூடியது சுமார் 6 சதவீதம்; பேனல் செலவில் ஒவ்வொரு போர்டின் பங்கும் கூடியது 33 சதவீதம். இந்தக் கணக்குக்கு மென்பொருளே வேண்டாம், பென்சில் போதும்.

அடுத்தது போர்டின் செம்பு லேயர். இரண்டை நான்காக்கினால் செலவு ஏறும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் லேயரைக் குறைக்கிறேன் என்று பாதி ஆழத்தில் நிற்கும் துளைகளுக்குப் போனால், லேசர் துளையிடலோ, போர்டை மறுபடி அழுத்தி ஒட்டும் வேலையோ சேர்ந்துகொள்ளும். பல போர்டுகளில் லேயரைக் கூட்டி, முழுக்கத் துளைப்பதே மலிவு.

பாகங்களைப் பொருத்தும்போது எண்ணிக்கையைவிட வகைகளே கையைக் கடிக்கும். ஒவ்வொரு மதிப்புக்கும் இயந்திரத்தில் தனி ரீல் மாட்ட வேண்டும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் 10 கிலோ ஓமும் வேலை செய்யுமென்றால், ஏற்கெனவே மாட்டிய ரீலே போதும். குறைந்த எண்ணிக்கையில் செய்யும்போது இது பெரிய மிச்சம். பின்பக்கத்திலும் பாகம் வைத்தால் போர்டு அதே வரிசையில் இரண்டாம் முறை போக வேண்டும்.

வெளிநாட்டில் செய்வித்தால் சுங்கத்தையும் கூட்டியாக வேண்டும். சீனாவிலிருந்து 800 டாலர் வரையிலான பார்சல்கள் வரியின்றி அமெரிக்காவுக்குள் வந்த வசதி 2025 மே 2 அன்று நின்றது. மாதிரிக்கு ஐந்து போர்டு செய்து பார்ப்பவர்களும் இப்போது வரி விகிதம் பார்க்கிறார்கள்.