முதுமையில் துணைநிற்கும் குடும்ப மருத்துவர்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூருக்கு வரும் சாலையில், தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக அமைந்தது பாலாறு. இது காஞ்சிபுரத்துப் பாலாறு அன்று. காவிரியில் கலக்கும் வேறோர் ஆறு. அவ்வழியே இருப்புப்பாதை இல்லை. ஆதலால், மைசூரில் பிழைக்க வந்த நம்மவர் பலருடைய பெற்றோர் பேருந்திலேயே எல்லை கடந்து மக்களிடம் வந்து சேர்கின்றனர். வந்த இடத்தில் அவர்களுக்கு வீடு உண்டு; பேரக்குழந்தைகள் உண்டு. நோயுற்றால் தம் குறையைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மருத்துவர் உண்டா என்பதே கேள்வி.

இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் எமக்கும் அக்கேள்வி எழுந்தது. எம் அன்னையாருக்கு வயது 76. தமிழன்றி வேறு மொழி அறியார். காலையில் எழுந்து நின்றால் தலை சுற்றும். இருமுறை கீழே விழுந்தும் விட்டார். "என்னை ஊருக்கே அனுப்பிவிடு, அப்பா" என்று கலங்கினார்.

எம் தெருவை அடுத்து நோயாளிகளைப் பார்த்துவரும் கன்னட மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அவர் எம்மிடம் பேசவில்லை. அன்னையாரின் கையைப் பற்றிக்கொண்டு, "சொல்லுங்க அம்மா" என்று தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் அவரையே கேட்டார். படுக்க வைத்து ஒருமுறையும் நிற்க வைத்து ஒருமுறையும் இரத்த அழுத்தம் அளந்தார். நின்றதும் அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்தது. வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரப் பணித்தார். பல ஊர்களில் பலர் எழுதிக் கொடுத்தவை அவை. ஒரே அழுத்த மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் அப்பையில் இருந்தது! ஒன்றை நிறுத்தினார், புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பத்து நாட்களில் தலைசுற்றல் தணிந்தது. ஊருக்குப் போகும் பேச்சும் நின்றது.

இத்தகைய கவனம் தற்செயலாக வாய்ப்பதன்று. அதுவே ஒரு தனிக் கலை. முதுமையில் சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை மெல்லவே கழிக்கின்றன. ஆகவே இளைஞருக்கு ஏற்ற அளவு முதியவருக்கு மிகையாகலாம். நெஞ்சுவலி இன்றியே மாரடைப்பும், காய்ச்சல் இன்றியே தொற்றுநோயும் வருவதுண்டு. இவற்றையெல்லாம் உணர்ந்து முதியோர் மருத்துவத்துக்கு இந்நாட்டில் வழிகோலியவர் டாக்டர் வி. எஸ். நடராசன் ஆவார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டில் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவும், 1988இல் தனி வார்டும் அவர் முயற்சியால் அமைந்தன. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்குப் பட்ட மேற்படிப்பும் தொடங்கிற்று. 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

ஆயினும் எல்லா ஊரிலும் முதியோர் மருத்துவ வல்லுநர் கிடைப்பதில்லை. அக்குறையை நிறைவு செய்பவர் தெருக்கோடியில் இருக்கும் குடும்ப மருத்துவரே. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நான்காவது உறுப்பு நாமே. உட்கொள்ளும் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்தல், மருத்துவர் முன் பெற்றோரை முதலில் பேசவிடுதல், அவரைக் கேளாமல் எம்மருந்தையும் கூட்டாமலும் குறைக்காமலும் இருத்தல் ஆகியவை நம் கடமைகள்.

இன்னொரு கடமையும் உண்டு. நோய் தீர்ந்தபின் மருத்துவர் இல்லத்துப் பக்கம் நாம் தலைகாட்டுவதே இல்லை. டாக்டர் பி. சி. ராய் பிறந்ததும் மறைந்ததும் ஜூலை 1ஆம் நாள். 1991 முதல் அந்நாள் நம் நாட்டில் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று அன்பர்கள் தத்தம் குடும்ப மருத்துவரை நோயின்றிச் சென்று காண்பார்களாக. பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்க. நலம் பெற்றவர் தம் வாயால் நன்றி கூறக் கேட்பதைவிட மருத்துவருக்கு மகிழ்வளிப்பது வேறென்ன இருக்கிறது?