உங்களுக்குத் தெரியுமா? இன்குபேட்டருக்குள் ஒரு ஆக்டோபஸ்!

குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும் பிஞ்சுக்கு என்ன பரிசு தருவது? குரோஷா ஊசியால் பின்னிய குட்டி ஆக்டோபஸ்! 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம் இது. சுருள் சுருளான அதன் கைகளைத் தொப்புள்கொடிபோலப் பற்றிக்கொள்ளும் குழந்தை, மூக்கில் செருகிய டியூபைப் பிடுங்காது என்கிறார்கள். மருத்துவ ரீதியாக உறுதியாகவில்லை; ஆனாலும் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

அழகாகப் பின்னினால் மட்டும் போதாது. சுத்தமான பருத்தி நூல் வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலும் உருக்குலையக் கூடாது. கையை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது; பிஞ்சு விரலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளுமே! கண்ணுக்குப் பொத்தான் வைப்பதும் ஆபத்து, நூலாலேயே தைத்துவிட வேண்டும். பின்னலின் இடுக்கில் உள்ளே அடைத்த பஞ்சு எட்டிப் பார்க்கிறதா? பிரித்துவிட்டு, முதலிலிருந்து இறுக்கிப் பின்ன வேண்டியதுதான்.