டாக்டர் ஹால்ஸ்டெட் மறைத்த மருந்து

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவி வரும்போது கட்டாயம் யாராவது கேட்பார்கள்: "என்னக்கா, பெரியவன் ஹவுஸ்மேன் முடிச்சிட்டானா? ஸ்பெஷலிஸ்ட் பண்றானா?" நல்ல பதில் கையில் இருக்கும் அம்மா சத்தமாகவே சொல்வார். மகன் இடையில் தேர்வில் தோற்று, ஓராண்டு படிப்பை நிறுத்தி, அந்த ஓராண்டு எங்கே இருந்தான் என்பதை வெளியே சொல்ல முடியாத அம்மா, "இருக்கான், வேலைக்குப் போறான்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையில் எதையோ தேடுவார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது அம்மாவுக்கும் அவருடைய மகனுக்கும்.

மருத்துவம் படித்தவர்களுக்கும் போதைப் பழக்கம் வருகிறது. சிலருக்கு மது, சிலருக்குத் தூக்க மாத்திரை, சிலருக்கு வார்டு அலமாரியிலேயே இருக்கும் ஊசி மருந்து. சிகிச்சை பெற்று மீண்ட பிறகு, அறுவை சிகிச்சை போன்ற போட்டி மிகுந்த துறைக்கு அவர்கள் ஆசைப்படலாமா?

வேடிக்கை என்னவென்றால், இளம் மருத்துவர்களை மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் வைத்துப் படிப்படியாக நிபுணராக்கும் பயிற்சியை அமெரிக்க அறுவை சிகிச்சையில் வேரூன்றச் செய்தவரே அப்படிப்பட்ட ஒருவர்தான்.

வில்லியம் ஹால்ஸ்டெட் 1852-இல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பைவிடக் கால்பந்தில்தான் பெயர் வாங்கினார். மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகுதான் படிப்பில் சூடு பிடித்தது. 1884-இல், கொக்கைன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று வியன்னாவில் கண்டுபிடித்தார்கள். ஹால்ஸ்டெட்டும் நண்பர்களும் அதை நரம்பருகே ஊசியாகச் செலுத்தித் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். இன்று பல் பிடுங்கும்போது தாடையை மரக்கச் செய்கிறார்களே, அந்த முறைக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. சோதனை செய்தவர்களோ ஒவ்வொருவராக அடிமையானார்கள். 1885-இல் அவர் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. படித்தவர்கள் திகைத்தார்கள்.

1886-இல் ரோட் ஐலண்டில் உள்ள பட்லர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கொக்கைனை நிறுத்த அந்தக் காலத்து வழக்கப்படி மார்ஃபின் கொடுத்தார்கள். வெளியே வந்தவரை பால்டிமோருக்கு அழைத்து, தன் ஆய்வுக்கூடத்தில் வேலை கொடுத்தவர் வில்லியம் வெல்ச் என்ற நண்பர். மறுபடி விழுந்து, மறு ஆண்டே மீண்டும் பட்லருக்குப் போக வேண்டி வந்தது. அப்படியும் 1892-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். கிருமிநாசினி பட்டுக் கை புண்ணான ஒரு தாதிக்காக குட்இயர் நிறுவனத்தில் மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னவரும் அவர்தான். அந்தத் தாதியையே பிறகு மணந்துகொண்டார். நாம் இன்று உலகத்துக்கே விற்கும் கையுறையின் கதை அங்கிருந்து வருகிறது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல சினிமா. ஆனால் சக மருத்துவர் ஆஸ்லர் எழுதி முத்திரையிட்டு வைத்த குறிப்பு ஒன்று 1969-இல் திறக்கப்பட்டது. ஹால்ஸ்டெட் பேராசிரியரான பிறகும் பல ஆண்டுகள் தினமும் மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அதில் இருந்தது. அறுவையை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போவதும், மாதக்கணக்கில் காணாமல் போவதும் அவருடைய குணம் என்றுதான் மாணவர்கள் நினைத்திருந்தார்கள்.

ஆகவே "போதையோடும் சாதிக்கலாம், பார்" என்று யாரும் இவரை எடுத்துக்காட்ட வேண்டாம். அவருக்கு முழுமையான சிகிச்சையும் கிடைக்கவில்லை, கண்காணிப்பும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஒரு ரகசியம்தான்.

இன்று அமெரிக்க மாநிலங்களில் மருத்துவர்களுக்கென்றே திட்டங்கள் உள்ளன. முதலில் சிகிச்சை. பிறகு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ, எந்த நாள் என்று சொல்லாமல் சிறுநீர்ச் சோதனை. வேலையிடத்தில் ஒருவர் மேற்பார்வை. எல்லாம் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி. இப்படிப்பட்ட 16 திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. முடிவு தெரிந்த 802 பேரில் 631 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உரிமத்தோடு வேலையில் இருந்தார்கள். 87 பேர் உரிமத்தை இழந்தார்கள், 30 பேர் உயிரையே. எல்லாப் போதைப்பித்தர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. இழப்பதற்கு ஒரு தொழில் இருப்பவனுக்கு வீம்பும் கூடுதல், காவலும் கூடுதல்.

எந்தத் துறை என்பதில்தான் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். மயக்க மருந்துத் துறையில் பயிலும் மருத்துவரின் கையில் ஃபென்டனில் போன்ற மருந்துகள் தினமும் புழங்குகின்றன. 1975 முதல் 2009 வரை அமெரிக்காவில் அத்துறையில் பயிற்சி தொடங்கியவர்களை ஆராய்ந்ததில், 384 பேர் பயிற்சிக் காலத்திலேயே போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தது தெரிந்தது. அவர்களில் 28 பேர் பயிற்சி முடியும் முன்பே இறந்தார்கள். ஊசி மருந்திலிருந்து மீண்டவர் அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று அடம்பிடிப்பதை லட்சியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கதிரியல், நோய்க்குறியியல், மனநலம், மறுவாழ்வு மருத்துவம் என்று கதவுகள் பல இருக்கின்றன. மதுவிலிருந்து மீண்டு அறுவை சிகிச்சைக்கு ஆசைப்படுபவரின் கதை வேறு. அவருக்கு எதிரி தூக்கமில்லாத இரவுப் பணிதான். அதை முதலில் மனநல மருத்துவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் பாதை ஏற்கெனவே குறுகல். ஹவுஸ்மேன் பயிற்சி இரண்டு ஆண்டு. ஒரு பிரிவில் தேறாவிட்டால் அங்கேயே நீட்டிப்பார்கள். 2016 இறுதியிலிருந்து புதியவர்களுக்கு ஒப்பந்த வேலைதான். அதன் பிறகு உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் நான்காண்டு முதுகலைப் படிப்புக்குப் போட்டி போட வேண்டும், அல்லது எம்.ஆர்.சி.பி. போன்ற வெளித் தேர்வுகள் வழியே போக வேண்டும். தோற்ற தேர்வை மறுபடி எழுதலாம் என்பது இந்த இரண்டாவது வழியில் பலருக்கு ஆறுதல். ஆனால் செலவு கையைக் கடிக்கும்.

படிப்பில் விழுந்த ஓராண்டு இடைவெளி சான்றிதழில் தெரியத்தான் செய்யும். நேர்காணலில் அதைக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், கண்ணீர்க் கதையும் வேண்டாம். உடல்நலக் காரணம், சிகிச்சை பெற்றேன், இத்தனை ஆண்டாக நலமாக இருக்கிறேன், அதன் பிறகு செய்த வேலை இது என்று நான்கு வாக்கியம் போதும். நேரடியாகக் கேட்டால் நேரடியாகச் சொல்ல வேண்டும். அத்தோடு, பிறகு வேலை பார்த்த இடத்தின் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் எழுதிய கடிதம் கையில் இருப்பது நல்லது. அந்தக் கடிதத்துக்காகவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே துறையில் மெடிக்கல் ஆபிசராக நிலைத்து நிற்பது வீண் இல்லை.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மண்டபத்தில் கேட்பவருக்கு "வேலைக்குப் போறான்" என்றே சொல்லலாம், அது அவர்களுக்குப் போதும். வீட்டில் மட்டும் அந்த ஓராண்டு நடக்காதது போல் நடிக்காதீர்கள். சோதனைக்குப் போக வேண்டிய நாளை மறைக்கவும், மருத்துவரைப் பார்க்கப் போவதைக் "கடைக்குப் போறேன்" என்று சொல்லவும் மகனைப் பழக்கிவிடாதீர்கள். இந்த வாரம் எப்படியிருந்தது என்று அப்பா வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை டிவியை அணைத்து வைக்கலாம்.