கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில்



வார்டில் ஜெபிக்கச் செல்லும்போது பலர் எங்களிடம் கேட்பதுண்டு: "ஐயா, நிமோனியாவுக்குத்தான் ஊசி போடுகிறார்களே, விலாவில் குழாய் எதற்கு?" டாக்டர்கள் எங்களுக்கு விளக்கியதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

நுரையீரலை இரண்டு மெல்லிய சவ்வுகள் மூடியிருக்கின்றன. அவற்றின் நடுவே இரண்டொரு தேக்கரண்டி நீர் மாத்திரமே இருக்கும். மூச்சு விடும்போது அவை உராயாமல் காப்பது அதுவே. நிமோனியா கண்டால் அங்கே நீர் கோர்த்துக்கொள்வதுண்டு. பெரும்பாலும் அது மருந்திலேயே வற்றிவிடும். ஆனால் கிருமி அதில் பரவிவிட்டால் நீர் சீழாகிறது. நாளாக நாளாகக் கெட்டியாகி, நுரையீரலை விரிய விடாமல் தோல்போலச் சுற்றிக்கொள்கிறது. அப்போது ஆபரேஷன் தேவைப்படலாம்.

ஆகவே ஸ்கேனில் போதிய நீர் தெரிந்தால், ஊசியால் சிறிது எடுத்துச் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் காசநோயாலும் நீர் கோர்ப்பதால் அதையும் பார்க்கிறார்கள். சீழ் வந்தாலோ, நீரின் பி.எச். அளவு 7.2க்குக் கீழே இறங்கினாலோ குழாய் வைக்கிறார்கள்.

குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். சீழ் வெளியே வரும். காற்று உள்ளே போகாது. ஜெர்மனியில் கோட்ஹார்ட் பூலாவ் என்ற மருத்துவர் 1891இல் எழுதி வெளியிட்ட முறை இது. 1918இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் இந்நோய் கண்டவர்களின் நெஞ்சை அவசரமாகத் திறந்தபோது, சராசரியாக 100க்கு 30 பேர் மாண்டனர். திறக்காமல் வடித்துக் காத்திருந்தபோது மரணம் வெகுவாகக் குறைந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கொத்தனார் வந்தார். பத்து நாள் காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியவர். வரும்போதே சீழ் கட்டியிருந்தது. யார் காலிலும் தட்டிவிடக்கூடாதென்று அவருடைய தம்பி பாட்டிலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டார். நர்சம்மா ஓடிவந்து கீழே இறக்கினார்கள். பாட்டில் நெஞ்சுக்கு மேலே உயர்ந்தால் அதிலுள்ளது உள்ளே திரும்பிவிடுமாம்! தம்பி கண்கலங்கிப் போனார். அவருடைய அன்பில் குறையில்லை. விஷயத்தை முன்பே நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

கொத்தனார் மூன்று வாரம் படுத்திருந்து சுகமாகி வீடு திரும்பினார். மூன்று வாரக் கூலி போயிற்று. முதலிலேயே வந்திருந்தால் மருந்தோடு முடிந்திருக்கலாம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் சபையிலும் தெருவிலும் இதைச் சொல்லுங்கள்: மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் தணியாவிட்டால், மறுபடியும் டாக்டரிடம் வரவேண்டும். மூச்சிழுக்கையில் விலா குத்தினாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கவேண்டாம்.