கிராபிக்ஸ் கார்டு விற்கும்போது எஸ்.எம்.பி.எஸ். மீதும் கண் இருக்கட்டும்

கம்ப்யூட்டர் மற்றும் உதிரிபாகங்கள் விற்பனை செய்யும் நம் உறுப்பினர்கள் பலரும் அன்றாடம் சந்திக்கும் விஷயம் இது. முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கும் வாடிக்கையாளர், எஸ்.எம்.பி.எஸ். என்றதும் "கேபினெட்டோடு வந்ததே போதும்" என்று சொல்லிவிடுகிறார். பத்து நாளில் மெஷின் நடுவே அணைந்து போகிறது. பழி கார்டின் மீது விழுகிறது, கார்டு கடைக்குத் திரும்பி வருகிறது. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் "பழுது இல்லை" என்று பதில் வருகிறது. கெட்டுப் போவது வியாபாரியின் பெயர்தான். எனவே எஸ்.எம்.பி.எஸ். தேர்வு செய்யும் முறையை உறுப்பினர்களின் பார்வைக்கு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எத்தனை வாட்ஸ் தேவை?

மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு 75 வாட்ஸ் வரை கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் தனி கேபிள் வேண்டும். 6 பின் கேபிள் 75 வாட்ஸ், 8 பின் கேபிள் 150 வாட்ஸ், புதிய 16 பின் கேபிள் அதிகபட்சம் 600 வாட்ஸ் தரும்.

என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு இழுப்பது 115 வாட்ஸ். கம்பெனி பரிந்துரைப்பது 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். ஆர்.டி.எக்ஸ். 4070-க்கு 200 வாட்ஸ், பரிந்துரை 650. 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090-க்கு 575 வாட்ஸ், பரிந்துரை 1000.

இவ்வளவு இடைவெளி எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்பார். பிராசசர், ஹார்டு டிஸ்க், மின்விசிறி ஆகியவையும் அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. மேலும், இன்றைய கார்டுகள் ஒரு வினாடியில் மிகச் சிறிய பங்கு நேரத்திற்குத் தம் வழக்கமான அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கின்றன. தரம் குறைந்த எஸ்.எம்.பி.எஸ். இதைத் தாங்காமல் அணைந்துவிடும். இதற்காகவே 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, 16 பின் கேபிள் உள்ள பெரிய எஸ்.எம்.பி.எஸ்.கள் தம் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்கிறது. விலை உயர்ந்த கார்டுக்கு இந்தக் குறிப்பு உள்ளதையே கொடுப்பது நல்லது.

லேபிளைப் படியுங்கள்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள வாட்ஸை மட்டும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. "450 வாட்ஸ்" என்று போட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் இருந்தால், பயன்படுவது 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட்ஸ்தான். அதே 450 வாட்ஸில் 37 ஆம்பியர் இருந்தால் 444 வாட்ஸ் கிடைக்கும். இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் ஏன் என்பதற்கு இந்தப் பெருக்கல் கணக்கே பதில். வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டுக் காட்டலாம்.

80 பிளஸ் முத்திரை

2004-ல் தொடங்கிய இந்த முத்திரை மின்சாரம் வீணாகாத திறனைக் குறிக்கும். பாதி லோடில் பிரான்ஸ் வகை 85 சதவீதமும், கோல்டு வகை 90 சதவீதமும் தர வேண்டும் (115 வோல்ட் சோதனைப்படி). 400 வாட்ஸ் லோடுக்கு முன்னது சுமார் 470 வாட்ஸும், பின்னது சுமார் 444 வாட்ஸும் இழுக்கும். வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோவில் தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் மிச்சம் சுமார் 63 யூனிட். ஆனால் இது சிக்கனத்தின் முத்திரையே தவிர, உழைப்புக்கோ பாதுகாப்புக்கோ உத்தரவாதம் அல்ல.

பாதுகாப்பு அம்சங்கள்

அதிக வோல்டேஜ், அதிக லோடு, ஷார்ட் சர்க்யூட், அதிக வெப்பம் ஆகிய நான்குக்கும் தானாக அணைந்துகொள்ளும் வசதி இருக்க வேண்டும். உள்ளே 105 டிகிரி கெப்பாசிட்டர்கள் இருப்பது நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது.

2021-ல் கார்டு தட்டுப்பாடு நிலவியபோது அமெரிக்காவில் கார்டோடு சேர்த்து எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கட்டாயமாக விற்றனர். அப்படி விற்கப்பட்ட கிகாபைட் நிறுவனத்தின் 750, 850 வாட்ஸ் மாடல்கள் இரண்டு, சோதனைகளில் வெடித்துப் பழுதாயின. அதிக லோடில் அணையும் அளவை அந்த நிறுவனம் குறைத்து, முன்பு விற்ற குறிப்பிட்ட சீரியல் எண்களை மாற்றித் தருவதாக ஆகஸ்டில் அறிவித்தது. பெரிய பெயர், கோல்டு முத்திரை இரண்டும் இருந்தும் நடந்தது இது. பெயரோடு மாடலையும் விசாரித்தே ஸ்டாக் எடுக்க வேண்டும்.

கேபிளில் கவனம்

8 பின் இரண்டு தேவைப்படும் கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள்களைப் பொருத்துங்கள். 2022-ல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் 16 பின் கனெக்டர் உருகியது. முழுவதும் உள்ளே அழுந்தாததே முக்கியக் காரணம் என்று என்விடியா கூறியது. 2023-ல் கனெக்டரின் வடிவம் திருத்தப்பட்டது. கடைசி வரை அழுத்திப் பொருத்துவதும், கனெக்டர் அருகே கேபிளை மடிக்காமல் விடுவதும் டெக்னீஷியனின் பொறுப்பு.

கழற்றி மாட்டும் கேபிள்களை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு ஒருபோதும் மாற்ற வேண்டாம். பின் வரிசை வேறாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கும் போர்டும் ஒரு நொடியில் எரிந்துவிடும்.

யு.பி.எஸ்.ஸும் ஒத்துப்போக வேண்டும். 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவும் 360 வாட்ஸ்தான் தாங்கும். எர்த் இணைப்பு சரியா என்றும் கேட்டுவிடுங்கள்.

சட்டம் சொல்வது

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தயாரிப்பாளரை மட்டுமின்றி விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. பொருளைப் பொருத்துவதிலோ சோதிப்பதிலோ தக்க கவனம் காட்டாமலும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமலும் இருந்து, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பதில் சொல்ல வேண்டிவரும். மெஷின் அசெம்பிள் செய்து தரும் நம் உறுப்பினர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ஆகவே எஸ்.எம்.பி.எஸ். மாடல், சீரியல் எண், வாரண்டி ஆண்டு ஆகியவற்றைப் பில்லில் எழுதுங்கள். கம்பெனி பரிந்துரைத்த வாட்ஸுக்குக் குறைவானதை வாடிக்கையாளர் கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் பழையதையே பயன்படுத்துவேன் என்றால், அதையும் பில்லில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கிடைக்கும் சில நூறு ரூபாய் லாபம், திரும்பி வரும் ஒரு கார்டுக்கு ஈடாகாது. நாணயமாக எடுத்துச் சொல்லி விற்ற சரக்கே நாளைய வாடிக்கையாளரையும் அழைத்து வரும்.