பிஞ்சு நுரையீரலுக்கு மூச்சு கொடுத்தவை எவை, தெரியுமா?

2020 ஜூனில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை எவ்வளவு தெரியுமா? 212 கிராம்! கால் கிலோகூட இல்லை. தாய் வயிற்றில் ஆறு மாதம்கூட நிறையவில்லை. அந்தக் குழந்தை 13 மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, 2021 ஜூலையில் 6.3 கிலோ எடையோடு வீட்டுக்குப் போனது!

"அது சிங்கப்பூர். நம் சேத்தியாத்தோப்பில் குறைமாதத்தில் பிறந்தால்?" என்று கேட்பீர்கள். வாயைப் பிளக்க வைக்கும் சங்கதியே அங்கேதான் இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் மூச்சைக் காக்கும் கண்டுபிடிப்புகளில் பல, பணக்கார நாட்டுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. அம்மாவுக்குப் போடும் மலிவான ஊசி, ஒரு பாட்டில் தண்ணீர், காபியில் இருக்கிற ஒரு பொருள், அம்மாவின் வெறும் மார்பு! இவற்றில் சிலவற்றைச் சோதித்துப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவர்களில் டெல்லி, புனே டாக்டர்களும் உண்டு.

முதலில், குறைமாதக் குழந்தைக்கு ஏன் மூச்சு திணறுகிறது? நுரையீரலுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணிய காற்றறைகள். உள்ளே ஈரம். ஈரமான பாலிதீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்! ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிட்டதும் அந்த அறைகள் அப்படித்தான் ஒட்டப் பார்க்கும். ஒட்டாமல் காப்பது சர்பாக்டன்ட் என்கிற வழவழப்புப் படலம். கருவின் நுரையீரல் ஏறக்குறைய 24ஆவது வாரத்தில்தான் அதைச் சுரக்கத் தொடங்குகிறது. போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்பே பிறந்துவிட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பிஞ்சு முதல் மூச்சு அளவுக்குப் பாடுபட வேண்டும்!

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்கூட்டி. எடை 2.1 கிலோ. உலகத்திலேயே அதிகாரம் மிக்க மனிதரின் பிள்ளை, பாஸ்டனின் பேர்பெற்ற மருத்துவமனை, அழைத்த குரலுக்கு ஓடிவரும் நிபுணர்கள். ஆனாலும் 39 மணி நேரத்தில் மூச்சுத்திணறி இறந்தான். இன்று அதே எடை, அதே வாரக் குழந்தைகள் நம் அரசு ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலிருந்து தேறி வீட்டுக்குப் போகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்தக் குழந்தை இறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1959இல், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் மேரி எல்லன் ஏவரி என்கிற பெண் டாக்டர். மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லை என்று கவனித்து, சர்பாக்டன்ட் குறைவுதான் கொல்கிறது என்று ஜெரி மீடுடன் சேர்ந்து எழுதினார். காரணம் தெரிந்தும் மருந்து வர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1980இல் ஜப்பானின் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்பாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார். குழந்தைகளின் சுவாசம் சீரானது! இந்திய டாக்டர்கள் ஆட்டு நுரையீரலிலிருந்தே அந்த மருந்தை எடுத்துச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது தெரியுமா?

ஆடு என்றதும் இன்னொரு கதை. நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஒரு குட்டி ரொம்பவே முன்கூட்டிப் பிறந்தது. செத்திருக்க வேண்டிய குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ராஸ் ஹவியுடன் சேர்ந்து ஸ்டீராய்டு ஊசியை 282 தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் பிறந்த முதல் சில நாட்களில் இறந்தவை 15 சதவீதம். போட்டவர்களில் 3.2 சதவீதம்! பிரசவத்துக்கு முன் தாயின் உடம்பில் போடும் ஊசி, பிறக்காத குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கிறது.

ஏழை நாட்டு ஆஸ்பத்திரியில் இது பலிக்குமா என்ற சந்தேகம் அரை நூற்றாண்டு நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியாவில் 2,852 கர்ப்பிணிகளிடம் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசியைச் சோதித்தது. 2020இல் விடை வந்தது. குழந்தைகளின் இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. 25 பேருக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை உயிர் பிழைக்கிறது! துணை சுகாதார நிலைய நர்ஸே முதல் ஊசியைப் போட்டு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசு 2014இலேயே வழிகாட்டியிருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு முக்கியமான சேதி. ஊசி போட்டபின் அது வேலை செய்ய நேரம் வேண்டும். "இன்னும் நாள் இருக்கிறதே, இது பொய்வலிதான்" என்று வீட்டில் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். எட்டு மாதம் முடியாமல் வலி எடுத்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, உடனே 108. சிதம்பரம் அண்ணாமலைநகரில், ராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்து இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக நிற்கிற இடத்துக்குக் குழந்தை தாய் வயிற்றுக்குள் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். பிறந்தபின் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடுவதைவிட அது எத்தனையோ மடங்கு பாதுகாப்பு. கரும்பு அரவைக் காலத்தில் எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் வரிசை கட்டும் ரோட்டை நினைத்துப் பாருங்கள், வழியில் எவ்வளவு நேரம் போய்விடும் என்று புரியும்.

இன்னொன்று. "ஏழாம் மாசம் பிறந்தா பிழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தா பிழைக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலும் இதே நம்பிக்கை இருக்கிறது! உண்மை நேர் எதிர். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே.

பிறந்தபின் மூச்சு திணறினால் பழைய வைத்தியம் தொண்டைக்குள் குழாய், வெண்டிலேட்டர். 1971இல் சான் பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் கிரிகரி, குழந்தை தானாக மூச்சு விடட்டும், காற்றறைகள் மூடாமல் இருக்க மெல்லிய அழுத்தம் மட்டும் கொடுப்போம் என்றார். 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. இதுதான் சி-பாப். இதன் எளிய வடிவம் பபுள் சி-பாப். குழந்தை விடும் மூச்சுக்காற்று வெளியேறும் குழாயின் மறுமுனையைத் தண்ணீருக்குள் வைப்பார்கள். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால், நுரையீரலுக்குக் கிடைப்பதும் 5 சென்டிமீட்டர் நீரழுத்தம்! அழுத்தத்தை அளந்து கொடுப்பது வெறும் தண்ணீரின் ஆழம். புனே கே.இ.எம். மருத்துவமனை டாக்டர்கள் 2013இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெண்டிலேட்டர் வழியாகக் கொடுத்த அழுத்தத்தைவிட இந்தக் குமிழிப் பாட்டிலே அதிகக் குழந்தைகளுக்குக் கைகொடுத்தது.

சில குழந்தைகள் மூச்சு விடவே மறந்துவிடும். 20 விநாடி, சில நேரம் அதற்கும் மேல்! மூளையின் மூச்சு மையம் முதிராததுதான் காரணம். மருந்து என்ன தெரியுமா? கஃபீன்! கும்பகோணம் டிகிரி காபியில் இருக்கிறதே, அதேதான். 2006இல் வெளியான பெரிய ஆய்வில், கஃபீன் கொடுத்த குழந்தைகளுக்கு நாள்பட்ட நுரையீரல் நோயும் குறைந்தது. இது டாக்டர் எடைக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் மருந்து. வீட்டில் யாரும் காபி புகட்டிவிடக் கூடாது.

அடுத்தது அம்மாவின் மார்பு. கங்காரு பராமரிப்பு என்கிற இந்த முறை கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் பிறந்தது. இன்குபேட்டர் போதாமல், குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைத்தார் எட்கர் ரே. குழந்தை தேறிய பிறகே இதைச் செய்ய வேண்டும் என்று நெடுநாள் நம்பினார்கள். டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், 1 முதல் 1.8 கிலோ வரையிலான 3,211 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறந்த உடனேயே தொடங்கி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது! தாமதமாகத் தொடங்குவது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். "குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்" என்று வாசலில் அழுதுகொண்டு நிற்கும் அம்மாவே, அந்தக் குழந்தைக்கு மருந்து! அம்மாவுக்கு முடியாதபோது அப்பாவோ பாட்டியோ மார்பில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே? இல்லை! மூச்சுக்குப் போராடும் பச்சிளங்குழந்தைக்கு நூறு சதவீத ஆக்சிஜன்தான் என்று உலகமே நம்பியபோது, டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் சித்தார்த் ராம்ஜி, நார்வேயின் சாக்ஸ்டாடுடன் சேர்ந்து 84 குழந்தைகளிடம் சோதித்தார். 1993இல் வெளியான முடிவு: சாதாரணக் காற்றே போதும்! 2010இல் உலக வழிகாட்டுதல் மாறியது. நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில்தான் தொடங்குகிறார்கள். குறைமாதக் குழந்தைக்கும் ஆக்சிஜனை அளந்து அளந்துதான் கொடுக்கிறார்கள்.

அளவு மீறிய ஆக்சிஜன், குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தநாளங்களைத் தாறுமாறாக வளரவைத்துப் பார்வையைப் பறிக்கும் என்று மெல்போர்னின் கேட் கேம்பெல் 1951இலேயே எச்சரித்தார். அதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் இன்றும் இந்த ஆபத்து முழுக்கப் போய்விடவில்லை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும், சிவக்காது, நீர் வடியாது. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் காப்பாற்றும். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.